அப்பாயியின் கைமருந்துகளைக் கொப்பியில் எழுதி வைக்க விரும்புகிறேன்: எதை, எப்படி எழுதுவது?

கேள்வி
எழுதியவர்: சாமிமலைப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) இலங்கை மலையகத்தில் சாமிமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். எண்பது வயதைத் தாண்டியவர். எங்கள் லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) மட்டுமன்றிப் பக்கத்து டிவிசனிலும், பிள்ளைக்குச் சளி கட்டினாலும், மாந்தம் கண்டாலும், பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்ட வேண்டுமென்றாலும் அவரைத்தான் அழைப்பார்கள். இந்தக் கைமருந்துகளை அவர் தம் மாமியாரிடம் கற்றார். அந்த மாமியாருக்கு, புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்து சேர்ந்த அவருடைய தாய் சொல்லிக்கொடுத்தாராம். அப்பாயிக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருவதால், இனியும் தள்ளிப்போடக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தால் தடுமாற்றமாக இருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால் அப்பாயி உள்ளங்கையைக் குழித்துக் காட்டுகிறார். எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும் என்று கேட்டால் "வாசம் மாறும் வரைக்கும்" என்கிறார். காய்ச்சலுக்குக் கொத்தமல்லி, இஞ்சி, வெனிவெல் (மரமஞ்சள்) சேர்த்த கசாயம். இருமலுக்கு ஆடாதோடை இலையும் திப்பிலியும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்து உப்பில்லாப் பத்தியம். கைக்குழந்தைக்கு வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவது. தடிமனுக்கு யூக்கலிப்டஸ் இலை போட்டு வேது பிடிப்பது. ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல். இவையெல்லாம் எங்கள் வீட்டில் இன்றும் நடப்பவை.

ஓர் இலை மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அட்டை கடித்து இரத்தம் நிற்காமல் வழியும்போதும், கவ்வாத்துக் கத்தி பட்டு வெட்டும்போதும், அப்பாயி தேயிலை நிரைக்குள்ளேயே குனிந்து ஏதோ ஓர் இலையைப் பிடுங்கி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கசக்கி, அந்தப் பச்சைச் சாற்றைக் காயத்தில் பிழிந்து சக்கையையும் மேலே வைத்து அழுத்துவார். பெயர் கேட்டால் "ரத்தம் நிறுத்துற எல" என்பதோடு சரி. முழங்கால் உயரச் செடி. இலையிலும் தண்டிலும் மெல்லிய மயிர். இலை ஓரம் பல் பல்லாக இருக்கும். இளம் ஊதா நிறத்தில் குஞ்சம் குஞ்சமாகச் சின்னப் பூக்கள். கசக்கினால் ஆட்டுக்கிடாயின் வாடை அடிக்கும்.

இந்தச் செடி எது? அளவுகளை எப்படி எழுதுவது? எவற்றைப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கொடுக்கலாம், எவற்றைக் கொப்பியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1
எழுதியவர்: பழைய டிஸ்பென்சர், தலவாக்கலை

மகள், நீங்கள் செய்வது நல்ல காரியம். தோட்டத்து டிஸ்பென்சரிகளில் என் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில், உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். செடிகளைப் பற்றி என்னிலும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கைமருந்து கொடுத்ததால் கெட்டுப்போன பிள்ளைகளைவிட, கைமருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருந்ததால் கெட்டுப்போன பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் "எதுவரை பொறுக்கலாம்" என்று ஒரு வரி எழுதுங்கள். கொத்தமல்லிக் கசாயம் குடித்தால் குற்றமில்லை. ஆனால் காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லையென்றால் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை; "கசாயத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீட்டார் நிம்மதியடையும் அதே நேரத்தில்தான் பிள்ளை சோர்ந்து, வயிறு நொந்து, சிறுநீர் குறையும். பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களை ஓரளவு கூட்டுவதாகச் சில ஆய்வுகள் கூறுவது உண்மைதான். ஆனால் டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது, அதை அந்தச் சாறு தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்போது பரசிட்டமோலைத் தவிர அஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளைத் தொடவே கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்தது மஞ்சள் காமாலை. நம் பக்கத்தில் வருவதில் பெரும்பகுதி அசுத்தமான தண்ணீரால் பரவும் ஏ வகைக் கல்லீரல் அழற்சி. 2007 இல் கம்பளையில் பரவியதும் அதுதான். அது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். கீழாநெல்லி குடித்தவருக்கும் தணியும், குடிக்காதவருக்கும் தணியும். இப்படிச் சொன்னால் அப்பாயி கோபிப்பார் என்று தெரியும், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். கான் (வடிகால்) வெட்டியவர், வயலில் இறங்கியவர், ஓடைத் தண்ணீரில் நின்றவர் காய்ச்சலோடு வந்து, கண் சிவந்து, கெண்டைக்கால் தசை தொட முடியாதபடி வலித்து, சிறுநீரும் குறைந்தால், அவருக்கு மோரில் கலந்த கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும் கொடுத்துக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவதாகும். நேரத்தோடு நுண்ணுயிர்க்கொல்லி கிடைத்தால் பிழைக்கக்கூடிய நோய் அது.

வசம்பை நிறுத்திவிடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் பிள்ளையின் வாயில் படக் கூடாது என்று குடும்பநல மாது சொல்வதற்கு வசம்பும் விலக்கல்ல. தேனையும் ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது. அதிலுள்ள ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். வயிற்றோட்டத்துக்கு அப்பாயி கொடுக்கும் உப்புக் கஞ்சி நல்லது, அதோடு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெட் ஒன்றையும் வீட்டில் வைத்திருங்கள். வேது பிடிக்கும்போது பிள்ளையைப் போர்வைக்குள் விட்டுக் கொதிநீர்ச் சட்டியை முன்னால் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டி கவிழ்ந்து வெந்த தொடைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

பாம்புக்கடிக்கு உங்கள் அப்பாயியிடம் ஏதாவது இலை இருந்தால், அதை எழுதிவிட்டு "பாவிப்பதற்கு அன்று" என்று சிவப்பு மையில் அடிக்கோடிடுங்கள். தேயிலைக்குள் கடிக்கும் கோபி விரியனின் நஞ்சு சிலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும். அதற்கென்று பயன்தரும் மாற்றுமருந்து நம் நாட்டில் இன்னும் கிடைப்பதில்லை என்பதால் வைத்தியசாலையில் வைத்துக் கண்காணிப்பது ஒன்றே வழி.

பதில் 2
எழுதியவர்: சித்த வைத்தியர், கண்டி

சகோதரிக்கு வணக்கம். டிஸ்பென்சர் ஐயா கூறியவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கிறேன். கீழாநெல்லியைப் பற்றி மட்டும் எனக்குச் சிறிது மாற்றுக் கருத்துண்டு. தானாகத் தணியும் நோயிலும் நோயாளியின் பசியையும் உடற்சோர்வையும் கவனித்து உணவை ஒழுங்குபடுத்தும் பழக்கம் அந்த மருந்தோடு சேர்ந்து வந்தது, அதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். உப்பை முற்றாக நிறுத்துவதை நானும் வற்புறுத்துவதில்லை.

அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்பாயியின் உள்ளங்கையை நம்புங்கள், ஆனால் அதைத் தராசில் ஏற்றுங்கள். சமையலுக்கு மாவு நிறுக்கும் சிறிய இலத்திரன் தராசு போதும். அவர் வழக்கம்போல் எடுத்து வைக்கட்டும், நீங்கள் நிறுத்துக் கிராமில் எழுதுங்கள். வேறொரு நாள் மீண்டும் எடுக்கச் சொல்லி மீண்டும் நிறுங்கள். நீண்ட காலம் கைபழகியவர்களின் அளவு பெரும்பாலும் அதிகம் பிசகுவதில்லை. வெருகடி என்பது விரல் நுனிகளால் அள்ளும் தூளின் அளவு. அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அவருடைய வெருகடியையே நிறுக்க வேண்டும். தண்ணீரையும் அப்படியே அளந்துகொள்ளுங்கள். இலங்கையில் கசாயத்துக்கு எட்டுக் கோப்பை நீரை ஒரு கோப்பையாக வற்றவைப்பது பொதுவழக்கு. அப்பாயி அந்த அளவுக்கு வற்றவைக்கிறாரா, அல்லது தேநீர் போல ஒரு கொதியில் இறக்கிவிடுகிறாரா என்பதில் மருந்தின் வீரியம் பல மடங்கு வேறுபடும். வாசம் மாறுகிற அந்தக் கட்டத்தில் சட்டியில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்று அளந்துவிட்டால், அவர் சொல்லும் குறிப்பும் உங்கள் கொப்பியின் எண்ணும் ஒன்றாகிவிடும்.

சுத்தி செய்யும் முறையை விட்டுவிடாதீர்கள். "கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு" என்று சும்மா சொல்லவில்லை. ஒன்றின் கொட்டையை நீக்க வேண்டும், மற்றதன் தோலைச் சீவ வேண்டும். வசம்பைச் சுடுவதும் அத்தகைய முன்னேற்பாடுதான், எனினும் அதிலுள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருளைப் பற்றி இன்று அறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால் கைக்குழந்தைக்கு நானும் அதைக் கொடுப்பதில்லை.

ஆடாதோடை உங்கள் பட்டியலில் மிகவும் மதிக்கத்தக்கது. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்னும் சளி இளக்கி மருந்து உருவாக்கப்பட்டது. டிஸ்பென்சரியில் கொடுக்கும் இருமல் பாணிகள் சிலவற்றில் அது இருக்கிறது, அப்பாயியிடம் சொன்னால் மகிழ்வார். ஆனால் அதே பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது. வெனிவெல் கொடியின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின், பிறந்த குழந்தையின் மஞ்சள் நோயை மூளையைத் தாக்குமளவுக்கு மோசமாக்கக்கூடியது. ஆகவே அதையும் கர்ப்பிணிக்கும் பச்சிளங் குழந்தைக்கும் விலக்க வேண்டும். இருமலுக்கு அதிமதுரம் சேர்க்கும் வழக்கம் இருந்தால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. சீனி வருத்தத்துக்குக் கிளினிக் மாத்திரை எடுப்பவர்கள் கொத்தல ஹிம்புட்டுக் கொடியின் தண்டில் கடைந்த குவளையில் ஊறிய நீரையும் சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். குடிப்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே கொப்பியில் ஒவ்வொரு மருந்துக்கும் "யாருக்குக் கூடாது" என்ற பகுதி கட்டாயம் இருக்கட்டும். நம் வீட்டு மருத்துவத்தில் அந்த அறிவு பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருந்தது. மருந்தின் பெயர் மட்டும் தங்கி, அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோன வீடுகளே அதிகம். மேலும் ஐயம் இருந்தால், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற வைத்தியர் ஒருவரைப் பாருங்கள். சித்தம், யூனானி வைத்தியர்களும் அதன் கீழ்ப் பதிவு செய்யப்படுகிறார்கள்.

பதில் 3
எழுதியவர்: தாவரவியல் ஆசிரியை, பண்டாரவளை

தங்கச்சி, நீங்கள் கேட்ட இலையை, நேரில் பார்க்காத வரை முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், வருணனை அப்படியே அஜெரேட்டம் கொனிசோய்டீஸ் என்னும் களைச்செடிக்குப் பொருந்துகிறது. பல் வெட்டிய மயிரிலை, ஊதாக் குஞ்சம், கிடா வாடை என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தேயிலைத் தோட்டங்களில் எங்கும் முளைப்பது. இரத்தத்தை நிறுத்த அதன் இலையைக் கசக்கி வைக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் உண்டு. அட்டை கடித்தால் இரத்தம் நிற்காததற்குக் காரணம், அதன் எச்சிலிலுள்ள பொருள் இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதுதான். ஆகவே இலையோடு சேர்த்து அப்பாயி விடாமல் அழுத்திப் பிடிப்பதற்கும் அந்தப் பலனில் பங்குண்டு. மண்ணோடு பிடுங்கிய இலையை ஆழமான வெட்டுக்காயத்தில் வைக்காதீர்கள், ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசியையும் மறக்காதீர்கள். உள்ளுக்குக் குடிக்கவே கூடாது. ஈரலைக் கெடுக்கும் அல்கலொயிட்டுகள் அதில் உள்ளன.

இந்தச் செடியைப் பற்றி எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. அதன் பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்கா. ஆகவே பழைய ஏடுகளிலிருந்து வந்த மருந்தாக அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இங்கே அட்டைகளுக்கு நடுவே வேலை செய்த பெண்கள், கைக்கெட்டிய களையைப் பிடுங்கிப் பார்த்துக் கற்ற பாடமாக இருக்கலாம். 1823 முதல் வந்திறங்கிய நம் முன்னோர் புதுக்கோட்டை, திருச்சி, சேலம், மதுரை என்று வெயில் காயும் ஊர்களின் மருந்துகளை மனதில் சுமந்து வந்தார்கள். ஆனால் நுவரெலியாக் குளிரில் வேம்பு வளராது, முருங்கை தழைக்காது. கிடைக்காததை விட்டு, சிங்கள அயலவர்களிடமிருந்து வெனிவெல்லையும் பொல்பலாவையும் (சிறுபீளை) ஏற்று, துரைமார் நட்ட யூக்கலிப்டஸையும் வேதுச் சட்டிக்குள் போட்டு, நம் மலையக வைத்தியம் இங்கேயே புதிதாக உருவாகியிருக்கிறது. ஆகவே அப்பாயியிடம் ஒவ்வொரு மருந்தையும் யாரிடம் கற்றார் என்று தனித்தனியே கேளுங்கள். எல்லாமே மாமியார் வழி வந்தவை என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டாம். (துரைமார் பக்கத்திலும் இதே கதைதான், ஹக்கலைத் தோட்டம் 1861 இல் தொடங்கப்பட்டதே காய்ச்சல் மருந்தான குயினைனைத் தரும் கொயினா மரத்தை வளர்ப்பதற்காகத்தான்.)

பெயரை மட்டும் எழுதினால் கொப்பி பயன்படாது. கீழாநெல்லி என்று பிடுங்குவதில் குறைந்தது மூன்று இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பூவும் காயும் உள்ள கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் விரித்து, மேலே பாரம் வைத்து, தாளை நாள்தோறும் மாற்றிக் காயவையுங்கள். நம் மலையின் ஈரத்தில் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். எந்தத் தோட்டம், என்ன உயரம், எந்த மாதம், பூவின் நிறம், வாடை ஆகியவற்றை உடனே எழுதுங்கள், காய்ந்தபின் நிறமும் வாடையும் போய்விடும். அடையாளம் காண முடியாதவற்றுக்குப் பேராதனையில் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. உயிருள்ள செடிகளைப் பார்த்து ஒப்பிட ஹல்துமுல்லையிலும் பட்டிப்பொலையிலும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டங்கள் உள்ளன. ஹோட்டன் சமவெளியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது தேசிய பூங்கா, ஓர் இலை பறிப்பதும் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று: நம் ஓடையோரங்களில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நீண்ட குழல்போலத் தலைகீழாகத் தொங்கும் பூவுடைய மர ஊமத்தையின் இலையைச் சிலர் இரைப்புக்குப் புகை பிடிக்கச் சொல்வார்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பிள்ளைகள் பூவைப் பறித்து விளையாடவும் விடக் கூடாது.

பதில் 4
எழுதியவர்: மருந்துச் சரக்குக் கடைக்காரர், ஹட்டன்

சரக்கு வாங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் இதை எழுதுகிறேன். தூளாக வாங்காதீர்கள். மஞ்சளைக் கிழங்காக, சுக்கை முழுசாக, திப்பிலியைக் காயாக வாங்கி வீட்டில் இடியுங்கள். மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2020 இல் விலை தாறுமாறாக ஏறியபோது, மாவு கலந்த மஞ்சள்தூள் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்தது நினைவிருக்கும். வெனிவெல்லைத் துண்டின் வெட்டு முகத்தைப் பார்த்து வாங்குங்கள். நல்ல மஞ்சளாக, சக்கரத்தின் ஆரங்களைப் போன்ற கோடுகளோடு இருக்கும். அது மெதுவாக வளரும் காட்டுக்கொடி, வெட்டி வெட்டி அருகிவிட்டது. வெறும் தடிமனுக்கெல்லாம் அதைப் போட வேண்டியதில்லை, கொத்தமல்லியும் இஞ்சியும் போதும் என்று வருகிறவர்களிடம் நானே சொல்கிறேன், வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை.

"பரம்பரை வைத்தியம்" என்ற பெயருக்கே மயங்கவும் வேண்டாம். 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கத்தில் ஒருவர், கொரோனாவுக்குத் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி என்று கொடுக்க, ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடினார்கள். அன்றைய சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. அந்த நாட்களில் என் கடையில் சாதிக்காய் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: சாமிமலைப் பேத்தி

ஐயாமாருக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. வசம்பை நிறுத்தச் சொன்னபோது அப்பாயி, "உங்கப்பன் அத நக்கித்தான் வளந்தான்" என்று ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆடாதோடை விடயத்தில் மட்டும், கர்ப்பிணிக்குக் கூடாது என்பது தமக்கு எப்போதோ தெரியும் என்றும், நான் கேட்காததால் சொல்லவில்லை என்றும் கூறினார். வைத்தியர் ஐயா சொன்னது சரிதான். இன்னும் ஒரே ஒரு கேள்வி: வல்லாரையை நாங்கள் தேயிலை மலைக் கான்களின் ஓரத்தில்தான் பறிக்கிறோம். கழுவினால் போதுமா?

பதில் 5
எழுதியவர்: தாவரவியல் ஆசிரியை, பண்டாரவளை

போதாது, தங்கச்சி. கான் என்பது மலை முழுவதும் போட்ட உரமும் அடித்த மருந்தும் மழையோடு வந்து சேரும் இடம். களைநாசினியான கிளைபொசேட்டை 2015 இல் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்தார்கள். செடிக்குள் போய்விட்டதைக் கழுவி எடுக்க முடியாது. அதோடு வல்லாரை, மண்ணிலுள்ள கன உலோகங்களையும் இழுத்துச் சேர்க்கும் செடி. லயத்துக்கு மேல்பக்கத்திலுள்ள பீலித் தண்ணீர் வழியில் வளர்ந்தாலும், மலசலகூடக் குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வல்லாரை வளர்ப்பது மிகவும் எளிது. கணுவில் வேர் விட்ட தண்டுகள் நான்கைந்தைச் சுத்தமான இடத்திலிருந்து எடுத்து, இஸ்தோப்பின் (வீட்டு முன்திண்ணையின்) ஓரத்தில் ஓர் உரப்பையில் மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி ஊன்றுங்கள். மருந்துப் போத்தல், பூச்சிமருந்து வந்த பை எதையும் தொட்டியாக்க வேண்டாம். நிழலும் ஈரமும் இருந்தால் சில வாரங்களில் படர்ந்துவிடும். முதலில் துளிர்க்கும் இலைகளைப் பறிக்காமல் விட்டு, அடுத்த படர்ச்சியிலிருந்து சம்பலுக்கு எடுங்கள்.